சாவி கைக்கு வந்த பிறகு

புதுக் காரின் மேல் போர்த்தியிருக்கும் துணியை விலக்கும் நாளில் எல்லாமே அழகாக நடக்கும். ஷோரூமில் இருப்பவர்கள் கூடி நின்று கைதட்டுவார்கள். மேனேஜர் வந்து கை குலுக்குவார். விற்பனைப் பிரதிநிதி படம் எடுத்துக் கொடுத்துவிட்டு, "எப்ப வேணும்னாலும் என் நம்பருக்குக் கூப்பிடுங்க" என்பார். மூன்றாவது வாரம் காரின் நடுத்திரை திடீரென்று இருண்டுபோகிறது. அதே நம்பருக்குக் கூப்பிட்டால், "அது சர்வீஸ் பக்கம் சார், அவங்ககிட்டதான் பேசணும்" என்று பதில் வருகிறது. சர்வீஸ் பக்கம் கூப்பிட்டால், பதினோரு நாள் கழித்துத்தான் காரைக் கொண்டுவர முடியும் என்கிறார்கள்.

சொகுசு கார் வாங்கியவர்கள் பேசக் கேட்டால் பிராண்டு மாறும், மாடல் மாறும், இந்தக் கதை மட்டும் அதிகம் மாறாது. பலரும் இதை ஆள் சரியில்லாத குறையாகவே எடுத்துக்கொள்கிறார்கள்: அந்த சேல்ஸ்மேன் நம்பவைத்துக் கைவிட்டுவிட்டார், அந்த டீலர் மோசம் என்று. சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பெரும்பாலான ஷோரூம்களில் வேலை செய்பவர்கள் நல்ல மனிதர்கள்தான். யாருக்கு எந்த வேலைக்குச் சம்பளம் கிடைக்கிறது, யாருடைய பணம் எங்கே முடங்கிக் கிடக்கிறது, யாரை யார் மதிப்பெண் போட்டு அளக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினால், டெலிவரி நாளின் உபசரிப்பும் மூன்றாவது வாரத்தின் அலைக்கழிப்பும் ஒரே ஏற்பாட்டிலிருந்து வருவது புரியும்.

பலகையில் ஒரு பெயர், கல்லாவில் இன்னொரு பெயர்

பெரும்பாலான நாடுகளில் காரைத் தயாரிக்கும் கம்பெனி அதை நேராக உங்களுக்கு விற்பதில்லை. டீலருக்கு விற்கிறது, டீலர் உங்களுக்கு விற்கிறார். பெயர்ப்பலகை, தரை ஓடு, சோபாவின் நிறம், ஊழியர்களின் உடை எல்லாம் கம்பெனி சொன்னபடி இருக்கும். ஆனால் அந்தக் கட்டடம், உள்ளே நிற்கும் கார்கள், அந்தக் கார்களை வாங்கி நிறுத்தக் கடன் எடுத்ததற்கு ஓடும் வட்டி, ஊழியர் சம்பளம் எல்லாம் டீலரின் பாடு. வாங்குபவர் அந்தப் புகழ்பெற்ற கம்பெனியோடு பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவரோ அந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருக்கும் ஒரு தனி வியாபாரியின் ஆள்.

கார் ஒழுங்காக ஓடும்வரை இந்த வித்தியாசம் கண்ணில் படாது. ஏதாவது கெட்டுப்போனால் உடனே தெரியும். டீலர், "கம்பெனி அனுமதி வரணும்" என்பார். கம்பெனியின் வாடிக்கையாளர் மையம், தயவுசெய்து உங்கள் டீலரை அணுகவும் என்று மின்னஞ்சல் அனுப்பும். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. வாரண்டியில் செய்யும் வேலைக்குக் கம்பெனி பணம் தர வேண்டும். தருவதற்குக் கம்பெனி ஆதாரம் கேட்கும். ஆதாரம் திரட்டுவது டீலரின் வேலை. அதற்கு ஆகும் நேரத்துக்கு முழுசாகக் கூலி கொடுக்க ஆளில்லை. இத்தனைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பவர் கார் வாங்கியவர்.

இந்த ஏற்பாட்டுக்கு நூறாண்டு வயது. கார் தொழில் வளர்ந்த தொடக்க காலத்தில் ஊர் ஊராகக் கடை திறக்கத் தயாரிப்பாளர்களிடம் பணமில்லை. உள்ளூர் வியாபாரிகளிடம் இருந்தது. பிறகு கம்பெனிகள் பெரிதாகி, விற்காத கார்களை டீலர்கள் தலையில் கட்டத் தொடங்கியபோது டீலர்கள் ஒன்று சேர்ந்தார்கள். அமெரிக்காவில் 1956-இல் வந்த ஒரு மத்தியச் சட்டம், நேர்மையில்லாமல் நடந்துகொள்ளும் கம்பெனி மீது டீலர் வழக்குப் போட வழிசெய்தது. பல மாநிலங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கம்பெனி தன் காரைத் தானே விற்கக் கூடாது என்றே சட்டம் போட்டன. டெஸ்லா டீலர்களே இல்லாமல் நேரடியாக விற்க வந்தபோது டெக்சஸ் போன்ற மாநிலங்களில் முட்டி நின்றது இந்தச் சட்டங்களோடுதான்.

நேரடி விற்பனையில் விலைப் பேரம் இல்லை, இரண்டு பேர் மாறி மாறிக் கைகாட்டுவதும் இல்லை. அது பெரிய நிம்மதி, சந்தேகமில்லை. ஆனால் காரை ரிப்பேர் செய்யும் இடங்களும் கம்பெனியே திறக்க வேண்டியவையாகிவிடுகின்றன. கார் விற்கும் வேகத்துக்கு சர்வீஸ் சென்டர்கள் பெருகாவிட்டால், வரிசை நீள்கிறது. முறையிட வேறு கதவும் இருப்பதில்லை. இடைத்தரகர் போனால் சேவை தானாக நன்றாகிவிடும் என்று நம்பியவர்கள் பலர் இந்த இடத்தில் ஏமாந்தார்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியாக ஐரோப்பிய கம்பெனிகள் 'ஏஜென்சி' முறையைக் கொண்டுவந்தன. விலையைக் கம்பெனி வைக்கும், காரும் கம்பெனியுடையதே, வாங்குபவர் கையெழுத்துப் போடுவது கம்பெனியோடு. டீலர் கமிஷன் வாங்கும் ஏஜென்ட் மட்டும். மெர்சிடீஸ் பென்ஸ் 2022 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் இப்படி மாறியது. அங்கிருந்த டீலர்களில் பெரும்பாலோர் வழக்குப் போட்டார்கள். 2023-இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஜாகுவார் லேண்ட் ரோவரோ இதே திட்டத்தை அறிவித்துவிட்டுப் பிறகு கைவிட்டது. வாங்குபவருக்கு இதில் ஒரு நன்மை உறுதி: பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவர் உங்களைவிடக் குறைந்த விலைக்கு அதே காரை வாங்கிப் போயிருப்பாரோ என்ற உறுத்தல் இல்லை. ரிப்பேர் மட்டும் அதே பழைய டீலரின் பட்டறையில்தான்.

லாபம் எங்கே இருக்கிறது

புதுக் கார் விற்பதில் டீலருக்குக் கிடைக்கும் லாபம் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதைவிட மெலிது. கார் ஷோரூமில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வட்டி ஏறுகிறது. மாத இலக்கை எட்டினால் கம்பெனி கொடுக்கும் ஊக்கத்தொகையை நம்பித்தான் பல டீலர்கள் ஓடுகிறார்கள். மாதக் கடைசியில் சேல்ஸ்மேனின் குரலில் தெரியும் அவசரம் இதிலிருந்து வருவது. "இந்த ஆஃபர் நாளையோட முடியுது" என்று அவர் சொல்லும்போது, முடியப்போவது பெரும்பாலும் அவருடைய மாதக் கணக்கு.

அதனால் லாபத்தை வேறு இடங்களில் தேடுகிறார்கள். விலை பேசி முடித்து, அப்பாடா என்று சாய்ந்து உட்காரும்போது, உங்களை இன்னொரு அறைக்குக் கூட்டிப் போவார்கள். அங்கே புது ஆள் ஒருவர்: கடன், இன்சூரன்ஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டி (வாரண்டி காலத்தை நீட்டிக்கும் திட்டம்), பெயிண்டுக்கு செராமிக் பூச்சு, டயர் பாதுகாப்புத் திட்டம். ஒவ்வொன்றிலும் அவருக்குக் கமிஷன் உண்டு. இரண்டு மணி நேரம் பேரம் பேசிக் களைத்த மனிதரிடம், மாதத் தவணையில் கொஞ்சம்தான் கூடும் என்று சொல்லி இவை விற்கப்படுகின்றன. இந்த அறைக்குள் போகும்முன் மொத்தத் தொகையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வதும், எந்தத் திட்டமானாலும் வீட்டில் படித்துப் பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன் என்பதும் நல்லது. நாளைக்கும் அது கிடைக்கும்.

டீலரின் உண்மையான முதுகெலும்பு சர்வீஸ் பட்டறையும் உதிரிபாகக் கிடங்கும். நல்ல டீலர்கள் ஒரு கணக்கைத் தவறாமல் பார்ப்பார்கள்: வாடகை, மின்சாரம், நிர்வாகச் சம்பளம் என்று மாதா மாதம் போகும் செலவில் எத்தனை சதவீதத்தை சர்வீஸ் லாபம் ஈடுகட்டுகிறது? அது 100-ஐத் தொட்டால், ஒரு கார்கூட விற்காத மாதத்திலும் கடை தாக்குப்பிடிக்கும்.

அப்படியானால் சர்வீஸுக்கு வருபவரைத்தானே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டும்? கொண்டாடுகிறார்கள், கையிலிருந்து பணம் கொடுப்பவரை. வாரண்டி வேலைக்குக் கம்பெனி தரும் கூலி, வாடிக்கையாளரிடம் வாங்கும் கூலியைவிடப் பல இடங்களில் குறைவு. அனுமதிக்கப்படும் நேரமும் குறைவு. ஆகவே நேற்று பெரும் பணம் கொடுத்துப் புதுக் கார் எடுத்தவர், இன்று சர்வீஸ் வரிசையில் டீலருக்கு மிகக் குறைந்த லாபம் தருபவராக நிற்கிறார். அவர் கேட்கும் மரியாதைக்கும் அங்கே கிடைக்கும் மரியாதைக்கும் உள்ள தூரத்துக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நேரான விளக்கம் இல்லை.

எடைபோடும் கண்கள்

சொகுசுக் கடைக்குள் நுழைந்ததும் நம் செருப்பிலிருந்து மணிக்கட்டு வரை ஒருவர் பார்ப்பதை நாம் எல்லாருமே உணர்ந்திருப்போம். இவர் வாங்குவாரா, வேடிக்கை பார்க்க வந்தவரா? நாள் முழுக்க நின்று, விற்றால் மட்டுமே கமிஷன் பார்க்கும் ஒருவர் இந்தக் கணக்கைப் போடாமல் இருப்பது கடினம். ஆனால் அந்தக் கணக்கு தப்பாகும்போது நடப்பது அநியாயம். ஐயன் எயர்ஸும் பீட்டர் சீகல்மனும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரிப் பேசப் பயிற்சி கொடுத்த ஆட்களைச் சிகாகோ பகுதி டீலர்களிடம் அனுப்பினார்கள். 300-க்கும் மேற்பட்ட பேரங்கள். வெள்ளை ஆண்களுக்குச் சொன்ன விலையைவிட, வெள்ளைப் பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் சொன்ன விலை கூடுதலாக இருந்தது. பேச்சு ஒன்று, உடை ஒன்று, காரும் ஒன்று, ஆள்தான் வேறு.

ஷோரூமுக்குக் கணவனும் மனைவியுமாகப் போய், கார் மனைவிக்கென்று சொன்ன பிறகும் பதில்கள் முழுக்கக் கணவனைப் பார்த்தே வரும் அனுபவத்தை எத்தனையோ பெண்கள் சொல்கிறார்கள். டெஸ்ட் டிரைவ் கேட்டால், ஓட்டத் தெரியுமா என்ற பாவனையில் ஒரு கேள்வி. இதற்குப் பெரிய விளக்கமெல்லாம் தேவையில்லை. சாவியை யார் கையில் கொடுக்கப்போகிறோம் என்றுகூடக் கவனிக்காத இடம், பிறகு எதைக் கவனிக்கும்?

அலட்சியமாக நடத்தப்பட்ட பிறகும் சிலர் அங்கேயே வாங்குவது ஏன்? மோர்கன் வார்டும் டேரன் டாலும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு பதில் தருகிறது. சொகுசு பிராண்டு ஒன்றை அடைய ஆசைப்படுகிறவரை அந்தக் கடையின் ஆள் ஏளனமாகப் பார்த்தால், அந்தப் பொருளின் மீதான ஆசை கூடுகிறது. நாமும் அந்த வட்டத்தில் ஒருவர் என்று நிரூபிக்கத் தோன்றுகிறதாம். சாதாரண பிராண்டுகளில் இது நடப்பதில்லை. சொகுசு பிராண்டிலும் நாள் போகப்போக அந்த உந்துதல் வடிந்துவிடுகிறது. கைப்பைக்கு இது சின்ன நஷ்டம். ஏழு வருடத் தவணையில் வாங்கும் காருக்கு அப்படியில்லை. மனம் குத்தப்பட்ட நாளில் முன்பணம் கட்டாமல் வெளியே வந்துவிடுவதுதான் சரி.

காத்திருக்கும் மாதங்கள்

முன்பணம் கட்டியதற்கும் கார் வருவதற்கும் இடையில் உள்ள காலத்தைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. புகார்கள் அதிகம் முளைப்பது அங்கேதான். நிறம், தோல் இருக்கை, ஒலிபெருக்கி என்று தேர்ந்தெடுத்த கார் தொழிற்சாலையின் அட்டவணையில் ஏறிப் பூட்டப்படும் ஒரு தேதி இருக்கிறது. அதற்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது. அந்தத் தேதியை வாங்குபவரிடம் சொல்லும் டீலர்கள் குறைவு. தொழிற்சாலை, துறைமுகம், கப்பல், இறங்கும் துறைமுகம், லாரி என்று கார் கடக்கும் ஒவ்வொரு நிலையும் டீலரின் கணினியில் தெரியும்; ஆனாலும் அழைத்துக் கேட்டால்தான் பதில்.

2021-இல் கார்களின் மின்னணுக் கருவிகளுக்கு வேண்டிய சிப்புகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது இந்தப் பலவீனம் வெட்டவெளிச்சமானது. கார்கள் தாமதமாகின, சில கார்கள் சில வசதிகள் இல்லாமலே வந்தன. பிஎம்டபிள்யூ அந்த ஆண்டின் இறுதியில் சில மாடல்களைத் தொடுதிரை வசதி இல்லாமல் அனுப்பியது. அந்த நாட்களில் வாங்கியவர்கள் பலர் கோபப்பட்டது தாமதத்தின் மீதல்ல. மூன்று வாரத்துக்கு முன்பே டீலருக்குத் தெரிந்த செய்தி, டெலிவரி மேசையில் உட்கார்ந்தபோது தங்களுக்குத் தெரியவந்ததுதான் அவர்களைக் காயப்படுத்தியது. கெட்ட செய்தியை முதலில் சொல்பவர் மீது கோபம் வரும். மறைத்தவர் மீது நம்பிக்கையே போய்விடும்.

ஃபெராரி போன்ற பிராண்டுகளில் இந்தக் காத்திருப்பு வேறு ரகம். 2023-இல் உலகம் முழுக்க அந்தக் கம்பெனி கொடுத்தது 13,663 கார்கள். குறைந்த எண்ணிக்கையில் வரும் மாடல்களில், யாருக்கு விற்பது என்று கம்பெனி தேர்ந்தெடுக்கிறது. அங்கே வாங்குபவர்தான் தன் தகுதியைக் காட்ட வேண்டும். அது வேறு உலகம். இங்கே பேசும் கணக்கு அங்கே செல்லாது.

கடைசி அரை மணி நேரம்

1993-இல் உளவியலாளர் டேனியல் கானமனும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்கள் ஒரு முறை 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 விநாடி கையை வைத்திருந்தார்கள். மறுமுறை அதே 60 விநாடி, அதோடு மேலும் 30 விநாடி. ஆனால் அந்தக் கூடுதல் நேரத்தில் நீர் மெல்ல ஒரு டிகிரி சூடேறியது. திரும்ப எதைச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால் மொத்த வலியும் குறைவாக நினைவில் தங்கிவிட்டது.

கார் விற்பவர்களுக்கு இந்த உண்மை நன்றாகவே தெரியும். பேரம், தாமதம், பதில் வராத அழைப்புகள் எல்லாவற்றையும் டெலிவரி நாள் பூசி மெழுகிவிடும். மியூனிக்கில் 2007-இல் திறந்த பிஎம்டபிள்யூ வெல்ட் கட்டடத்தில், சுழலும் மேடையில் விளக்கொளியில் கார் நிற்க, வாங்கியவர் மேலிருந்து படி இறங்கி வருகிறார். அந்தத் தருணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பல வருட உழைப்பில் வாங்கிய ஒன்று அழகாகக் கையில் வருவதில் ஒரு நியாயம் இருக்கிறது. குறை அந்த நாளில் மறைந்துபோகும் இன்னொரு வேலையில் இருக்கிறது.

டெலிவரிக்கு முன்னால் செய்ய வேண்டிய பரிசோதனை நீளமானது. கப்பலிலும் லாரியிலும் வரும்போது பேட்டரியைக் காக்க காரைப் போக்குவரத்து நிலையில் வைத்திருப்பார்கள். அதை மாற்ற வேண்டும். கூடுதல் காற்று அடைத்து வந்த டயர்களைச் சரியான அளவுக்கு இறக்க வேண்டும். சாஃப்ட்வேர் அப்டேட், திரவ அளவுகள், கதவு இடைவெளிகள், பாதுகாப்புப் பிலிம் உரித்த பிறகு பெயிண்டில் தெரியும் கீறல்கள். இது முடிய மணிக்கணக்கில் ஆகும். மாதக் கடைசியில் ஒரே நாளில் பல கார்கள் போகும்போது எதில் கை குறையும் என்று சொல்லத் தேவையில்லை. அழுக்குத் துணியால் அவசரமாகத் துடைத்த கறுப்புக் காரில், வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போல வட்ட வட்டக் கோடுகள் தெரியும். ஷோரூம் விளக்கில் தெரியாது. அதனால் கையெழுத்துப் போடும்முன் காரைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு அதன் ஆண்டையும் சொல்லும். கார் ஏறக்குறைய எவ்வளவு காலம் நின்றது என்று ஊகிக்க அது உதவும். இப்படிப் பார்ப்பதைச் சந்தேகப் புத்தி என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

பத்துக்குப் பத்து

டெலிவரி முடியும்போது சேல்ஸ்மேன் கொஞ்சம் தயங்கிச் சொல்வார்: "கம்பெனியிலேர்ந்து ஒரு சர்வே வரும். எல்லாத்துக்கும் பத்து போட்ருங்க. ஒன்பது போட்டாக்கூட எனக்குப் பிரச்சினை."

அது மிகையல்ல. வாடிக்கையாளர் திருப்தியை எண்ணால் அளக்கும் பழக்கத்தை கார் தொழிலில் பரப்பியதில் பெரும்பங்கு, 1968-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜே.டி. பவர் நிறுவனத்துக்கு உண்டு. பிறகு ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று சர்வே வைத்துக்கொண்டது. டீலருக்குப் போகும் ஊக்கத்தொகையை அந்த மதிப்பெண்ணோடு கட்டிவைத்தது. பல பிராண்டுகளில் முழு மதிப்பெண் தவிர எதுவும் தோல்விக்குச் சமம். ஆகவே ஊழியர்கள் திருப்தியை உண்டாக்குவதைவிட மதிப்பெண்ணை உண்டாக்குவதில் கவனம் வைக்கிறார்கள். சர்வேக்கு முன் ஒரு பரிசு, சர்வே முடியும்வரை தினம் ஒரு நலம் விசாரிப்பு, அப்புறம் மௌனம்.

இதில் நஷ்டம் மூன்று பேருக்கும். சேல்ஸ்மேன் தன் கையில் இல்லாத தவறுகளுக்கும் தண்டனை வாங்குகிறார். இரக்கப்பட்டுப் பத்து போட்ட வாடிக்கையாளர், பிறகு புகார் செய்தால், அவரே எழுதிக் கொடுத்த பாராட்டு எதிர்சாட்சியாக நிற்கிறது. கம்பெனி தலைமையிடமோ, எல்லாம் நன்றாக இருப்பதாகக் காட்டும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. என் கருத்தில் சர்வேயில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். கூடவே, நல்லபடி நடந்துகொண்ட ஊழியரின் பெயரைக் குறிப்பிட்டு, குறை அவருடையதல்ல என்று இரண்டு வரி சேர்க்க வேண்டும். அந்த இரண்டு வரி அவருக்குப் பல சமயம் மதிப்பெண்ணைவிட உதவும்.

"இது இப்படித்தான் இருக்கும்"

சொகுசு கார் வாங்கியவர்களை வேறு எந்தச் சொல்லும் இவ்வளவு நோகடிப்பதில்லை. கதவுப் பக்கம் ஒரு கிறீச் சத்தம், கியர் மாறும்போது ஒரு உதறல், ஃபோன் இணைப்பு அடிக்கடி அறுந்துபோவது. காரை விட்டுவிட்டு வந்தால், இரண்டு நாள் கழித்து, பார்த்தோம், பிரச்சினை எதுவும் தென்படவில்லை, இந்த மாடலில் இது இயல்புதான் என்று ஒரு தாள் வருகிறது.

பல நாடுகளில் மெக்கானிக்குக் கூலி மணிக்கணக்கில் இல்லை, வேலைக் கணக்கில். ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நேரம் என்று கம்பெனியின் அட்டவணை சொல்லும். ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கும் வேலையை நாற்பது நிமிடத்தில் முடித்தாலும் ஒரு மணிக் கூலி. மூன்று மணி ஆனாலும் ஒரு மணிக் கூலி. பிரேக் பேட் மாற்றுவது போன்ற வேலையில் கை பழகியவர் சம்பாதிப்பார். எப்போதாவது மட்டும் வரும் ஒரு சத்தத்தைத் தேடி உட்புறப் பலகைகளைக் கழற்றுபவர், தன் வீட்டுக் காசைப் போட்டு வேலை செய்கிறார் என்றே சொல்லலாம். அதற்கு மேல், போதிய ஆதாரமில்லாமல் வாரண்டிக் கணக்கு எழுதினால், பிறகு தணிக்கையில் கம்பெனி அந்தப் பணத்தை டீலரிடமிருந்து திரும்பப் பிடித்துக்கொள்ளும். காரின் கணினியில் பிழைக் குறியீடு பதிவாகியிருந்தால் வேலை சுலபம். குறியீடு இல்லை, சத்தம் கேட்கவில்லை என்றால், எதுவும் இல்லை என்று எழுதுவதுதான் அந்தப் பட்டறையில் எல்லாருக்கும் பாதுகாப்பு.

விலை கூடக் கூட இந்தச் சிக்கலும் கூடுகிறது. சொகுசு கார்களில் கணினிகளும் திரைகளும் அதிகம், கெடக்கூடியவையும் அதிகம். ஜே.டி. பவரின் தொடக்கத் தர ஆய்வு, முதல் 90 நாட்களில் 100 கார்களுக்கு எத்தனை குறைகள் என்று எண்ணுகிறது. 2022 ஆய்வில் சொகுசு பிராண்டுகளின் சராசரி, சாதாரண பிராண்டுகளின் சராசரியைவிட மோசமாக இருந்தது. அதிகப் பணம் கொடுத்தால் குறைவாகக் கெடும் என்ற கணக்கு இந்தத் தொழிலில் செல்லுபடியாவதில்லை. மேலதிகப் பணம் கொடுத்தவருக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியது, கெட்டதும் விரைவாகச் சரிசெய்யும் கைகள். அதற்கு யாரும் விலைப்பட்டியலில் இடம் ஒதுக்குவதில்லை.

இதற்கிடையே சில கம்பெனிகள் வாடிக்கையாளரின் பொறுமையைச் சோதித்தும் பார்த்தன. காரில் ஏற்கெனவே பொருத்தியிருக்கும் இருக்கைச் சூடேற்றிக்கு மாதச் சந்தா கேட்டது பிஎம்டபிள்யூ. 2022-இல் அது பெரும் செய்தியாகி எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த ஆண்டு அந்த வழியை விட்டுவிட்டதாக அறிவித்தது. வாங்கியவர்கள் கோபப்பட்டது சரி. அந்தக் கோபம் பலித்தது என்பதையும் நினைவில் வைக்கலாம்.

சர்வீஸ் பட்டறையில் வாடிக்கையாளரின் ஒரே பலம் தாள். வாய்ப்பேச்சு அங்கே கணக்கில் ஏறாது. பிரச்சினை வரும்போதே ஃபோனில் வீடியோ எடுத்து, வேகம், எஞ்சின் சூடாக இருந்ததா, எந்த மாதிரிச் சாலை என்று குறித்துக்கொள்ள வேண்டும். பட்டறை வேலையைப் பதியும் ஜாப் கார்டில் நாம் சொன்னதை நம் வார்த்தையிலேயே எழுதச் சொல்ல வேண்டும். 'பொதுப் பரிசோதனை' என்று எழுதினால் திருத்தச் சொல்ல வேண்டும். முடிந்தால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டலாம். அந்தப் பத்து நிமிடம் பல நாள் அலைச்சலை மிச்சமாக்கும். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் 1982-இல் முதன்முதலாகப் போட்ட குறைபாட்டுக் கார் சட்டமும், அதைப் பின்பற்றிய பிற மாநிலச் சட்டங்களும், எத்தனை முறை சரிசெய்ய முயன்றார்கள், எத்தனை நாள் கார் பட்டறையில் நின்றது என்றுதான் எண்ணுகின்றன. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். இரண்டு இடத்திலும் தேதி போட்ட தாள்கள் இல்லாமல் வழக்கு நிற்காது.

1989 டிசம்பர்

டொயோட்டா தன் சொகுசு பிராண்டான லெக்சஸை 1989-இல் அமெரிக்காவில் இறக்கியது. அதன் எல்எஸ் 400 மாடல் விற்பனைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் ஒன்று சிக்கிக்கொண்டதாகவும், பின்பக்க மேல் பிரேக் விளக்கு ஒன்று சூடேறி உருகியதாகவும் ஒன்றிரண்டு புகார்கள் வந்தன. புது பிராண்டு, பெயர் இன்னும் யார் மனதிலும் பதியவில்லை. இந்த நேரத்தில் கார்களைத் திரும்ப அழைத்தால் ஜெர்மன் போட்டியாளர்களுக்குக் கொண்டாட்டம். ஆனாலும் விற்ற ஏறக்குறைய 8,000 கார்களையும் அழைத்தார்கள்.

அழைத்த விதம்தான் இன்றும் பேசப்படுகிறது. வாங்கியவர்கள் ஒவ்வொருவரோடும் பேசினார்கள். அவர்களை வரச் சொல்லாமல், வீட்டுக்கே ஆள் போய்க் காரை எடுத்துவந்தார்கள். டீலர் தொலைவில் இருந்த இடங்களில் பட்டறையை வாடகைக்கு எடுத்து மெக்கானிக்குகளை விமானத்தில் அனுப்பினார்கள். சரிசெய்த காரைக் கழுவி, எரிபொருள் நிரப்பித் திரும்ப வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். இருபது நாட்களில் எல்லாம் முடிந்தது.

இதைப் பலரும் உபசரிப்பின் உச்சமாகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது காரைக் கழுவித் தந்ததல்ல. செலவு யாருடையது என்று கம்பெனியும் டீலரும் வாடிக்கையாளர் முன்னால் வாதாடவில்லை. ஆதாரம் கேட்டு யாரும் காத்திருக்கவில்லை. மெக்கானிக்கின் நேரத்துக்கு யார் கூலி தருவது என்ற கேள்வியைக் கம்பெனி தன் பக்கம் வாங்கிக்கொண்டது. இந்தக் கட்டுரையில் மேலே சொன்ன முட்டுக்கட்டைகள் அந்த இருபது நாள் மட்டும் விலக்கி வைக்கப்பட்டன. விளைவாக, வந்த குறையே பிராண்டுக்கு நல்ல பெயரைத் தேடித் தந்தது. தவறு நன்றாகத் திருத்தப்பட்டால், தவறே நடக்காதவரைவிடத் தவறைச் சந்தித்தவர் அதிக விசுவாசமாவது உண்டு என்று சேவை பற்றிய ஆய்வுகள் சொல்வதற்கு இதைத்தான் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் ஒரு முறைதான் அது பலிக்கும். அதே குறை மூன்றாம் முறை வந்தால் எந்த மன்னிப்பும் எடுபடாது.

ஒரு டீலர் எப்படிப்பட்டவர் என்பதை முன்பணம் கட்டும்முன்பே ஓரளவு பார்த்துவிடலாம். ஷோரூமின் முன்வாசலை விட்டுவிட்டு, வாரத் தொடக்க நாள் ஒன்றில் காலையில் சர்வீஸ் வாசலில் அரை மணி நேரம் நின்றால் போதும். கார் விட வருபவரிடம் சர்வீஸ் அட்வைசர் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா, திரையைப் பார்த்தா? காரைச் சுற்றி நடந்து பார்த்துக் குறித்துக்கொள்கிறாரா? மாலை நான்கு மணிக்கு என்று சொன்ன கார் நான்கு மணிக்குத் தயாராகிறதா என்பதை, எடுக்க வந்து காத்திருப்பவர்களிடமே கேட்கலாம், தயங்காமல் சொல்வார்கள். ரிப்பேர் முடியும்வரை ஓட்டத் தர எத்தனை மாற்று கார்கள் இருக்கின்றன, வாரண்டி வேலைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், குறையைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அடுத்து யாரிடம் போகும் என்று கேளுங்கள். அப்புறம் உள்ளே போய், விலை பேசத் தொடங்கும்முன் விற்பனைப் பிரதிநிதியிடம் இன்னொன்று: "நான் வாங்கினதுக்கப்புறம் என் காருக்குப் பொறுப்பா இருக்கப்போறவர் யாரு? அவரை இன்னிக்குப் பார்க்க முடியுமா?"